ஐந்து நாளில் புதிதாகும் சுவர்: சர்க்கரை நோய் குடலுக்குள் செய்வது என்ன?

"சுகர் எல்லாம் கட்டுக்குள்ளதான் இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. வயித்துக்குத்தான் என்னமோ ஆகிப்போச்சு" என்று எங்கள் ஆயா (செட்டிநாட்டில் பாட்டியை இப்படித்தான் அழைப்போம்) சொல்லத் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ஆயாவுக்கு வயது 76. சர்க்கரை நோய் வந்து 18 ஆண்டுகள். நடுராத்திரியில் இரண்டு தடவை, மூன்று தடவை எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி, இரண்டாங்கட்டையும் தாண்டிக் கடைசியில் இருக்கும் கழிப்பறைக்குப் போவார். செட்டிநாட்டு வீட்டின் நீளம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு தூரம் என்று தெரியும். காலையில் கேட்டால் "வாயுப்பா" என்பார். ஓமத்தண்ணீர் குடிப்பார். மருத்துவரிடம் மட்டும் வாய் திறக்க மாட்டார். சர்க்கரைக்குக் காட்டப் போன இடத்தில் வயிற்றுப்போக்கைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இப்படி எண்ணுகிறவர் ஆயா ஒருவர் மட்டுமல்ல. சர்க்கரை நோய் கண்ணைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், காலில் புண் வந்தால் ஆறாது என்பதெல்லாம் இன்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. ஆனால் குடல் என்ற பேச்சே எங்கும் எழுவதில்லை. நான் காரைக்குடியில் விலங்கியல் பாடம் நடத்துகிறவன், மருத்துவன் அல்ல. ஆனாலும் குடலின் உட்சுவரில் செல்கள் பிறந்து மடிவதைக் கரும்பலகையில் வரையும்போதெல்லாம் ஆயாவின் நினைவு வரும். சர்க்கரை நோயால் குடல் அடிபடுகிறது. அடிபட்ட குடல் அந்த நோயை ஏற்றியும் விடுகிறது. இரண்டும் நடப்பது ஒரே இடத்தில்: ‘வளர்’, ‘நிறுத்து’ என்று செல்லுக்குச் செல் போகும் கட்டளைகளில்.

ஓயாத கட்டட வேலை

கட்டட வேலையின் அருமை தெரிந்த ஊர்கள் நம்முடையவை. சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசித் தேய்த்த சுவர், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வெள்ளையடிக்காமலே பளபளவென்று நிற்கிறது. குடலின் உட்சுவர் இதற்கு நேர்மாறு. மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் அது ஏறக்குறைய முழுவதும் உதிர்ந்து, புதிதாக வந்துவிடும். அமிலம், பித்தநீர், செரிமான நொதிகள், மிளகாய்க் காரம், எண்ணிலடங்காத நுண்ணுயிர்கள் என்று எல்லாம் உரசிப்போகும் இடம் அது. அங்கே நூறாண்டுச் சுவர் நிற்காது. இடிய இடியக் கட்டிக்கொண்டே இருப்பதுதான் உடல் கண்ட வழி.

சிறுகுடலின் உட்பரப்பில் விரல்விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை குடலுறிஞ்சிகள். ஒவ்வொன்றின் உயரமும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும். இவற்றையெல்லாம் விரித்துப் போட்டால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய பாடநூல்கள் எழுதின. 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபடி அளந்து, செரிமானப் பாதை முழுவதும் சேர்ந்தே 30 சதுர மீட்டரைச் சுற்றித்தான் என்று திருத்தினார்கள். மைதானம் இல்லை, ஒரு பட்டாலையின், அதாவது வீட்டுக் கூடத்தின், தரை. அதுவும் வயிற்றுக்குள் மடிந்து கிடக்கும் தரை என்று நினைத்தால் சிறிதல்ல.

உறிஞ்சிகளின் அடிவாரத்தில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. 1745-இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லீபர்கூனின் பெயரால் லீபர்கூன் குழிகள் என்கிறோம். குழியின் அடியில் இருப்பவை குருத்து செல்கள், அதாவது ஸ்டெம் செல்கள். வாழை உள்ளிருந்து குருத்துத் தள்ளிக்கொண்டே இருப்பதுபோல் இவை புது செல்களைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சுண்டெலியில் ஒரு குழிக்குச் சுமார் 15 குருத்து செல்கள். ஏறத்தாழ நாளுக்கு ஒரு முறை பிளக்கின்றன. பிறந்த செல் மேல்நோக்கி நகர்ந்து, வழியிலேயே தன் தொழிலைத் தேர்ந்துகொண்டு, உறிஞ்சியின் உச்சிக்குப் போய் உதிர்ந்துவிடுகிறது. எல்ஜிஆர்-5 என்ற புரதம்தான் இந்தக் குருத்து செல்களின் அடையாளம் என்று நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுக்கூடம் 2007-இல் காட்டியது.

இரண்டு ஆண்டு கழித்து அதே கூடத்தில் ஒற்றைக் குருத்து செல்லை எடுத்து, கூழ்போன்ற ஒரு பொருளில் பதித்து, முக்கியமாக மூன்று புரதங்களை ஊட்டினார்கள். குழியும் உறிஞ்சிப் பகுதியுமாக ஒரு குட்டிக் குடலே கண்ணாடித் தட்டில் வளர்ந்தது. அந்த மூன்றும் எவை என்று பார்த்தால், குடல் யார் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது என்பது விளங்கிவிடும். முதலாவது ஆர்-ஸ்பாண்டின். ‘விண்ட்’ என்று பெயர் பெற்ற, ‘பிளந்துகொண்டே இரு’ என்னும் சமிக்ஞையை இது உரக்கச் செய்கிறது. இரண்டாவது ஈஜிஎஃப், செல்லை வளரத் தூண்டும் புரதம். இதைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹன் 1986-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூன்றாவது நாகின். ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் பிஎம்பி சமிக்ஞையின் வாயை இது அடைக்கிறது. உடலுக்குள் விண்ட்டின் குரல் குழியின் அடியில் ஓங்கி, மேலே போகப் போகத் தேயும். பிஎம்பி மேலே ஓங்கி, கீழே அடங்கியிருக்கும். இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவே செல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே அதன் தலையெழுத்து.

விண்ட் எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், பின்னால் தேவைப்படும். பீட்டா-கேட்டனின் என்றொரு புரதம். செல் அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், உண்டான கையோடு அழித்துக்கொண்டும் இருக்கும். விண்ட் வந்து கதவைத் தட்டினால் அழிப்பு நின்றுவிடும். சேர்ந்துபோன பீட்டா-கேட்டனின் உட்கருவுக்குள் நுழைந்து, டிசிஎஃப் என்ற குடும்பப் புரதங்களோடு கைகோத்துப் பிளவுக்கான மரபணுக்களை இயக்கிவிடும். பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த அழிப்பு ஏற்பாடு பழுதாவதில்தான் தொடங்குகின்றன. அழிப்பைச் செய்யும் கூட்டத்தில் ஒன்றான ஏபிசி என்ற புரதத்தின் மரபணு அங்கே சிதைந்திருக்கும்.

இலையில் விழுவதும் ஒரு கட்டளை

செட்டிநாட்டார் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போய்த் தேக்கு மரம் கொண்டுவந்தார்கள், கவுனி அரிசியும் அங்கிருந்து வந்தது என்பார்கள். அந்த நாட்டுக் காட்டில் ஒரு மலைப்பாம்பு இருக்கிறது. மாதக்கணக்கில் இரையில்லாமல் சுருண்டு கிடக்கும். ஒரு நாள் இரை விழுங்கியதும், ஓரிரு நாளுக்குள் அதன் சிறுகுடலின் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். செரித்து முடிந்தபின் பழையபடி சுருங்கிக்கொள்ளும். 1990களில் ஸ்டீபன் சீகாரும் ஜாரெட் டயமண்டும் இதை அளந்து எழுதினார்கள். நம் குடல் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் விதி ஒன்றுதான்: உணவு வந்தால் குடல் வளரும், உணவு நின்றால் சுருங்கும். வாய்வழி எதுவும் கொடுக்காமல் இரத்தக் குழாய் வழியாக மட்டும் ஊட்டம் ஏற்றிய விலங்குகளில் குடலுறிஞ்சிகள் குட்டையாகிப் போகின்றன.

உணவு இந்தச் செய்தியைச் சொல்வது பல வழிகளில். செல்லுக்குள்ளேயே எம்-டார் என்றொரு கணக்குப்பிள்ளைப் புரதம் இருக்கிறது. அமினோ அமிலங்கள் நிறைய உண்டு, சக்தி கையிருப்பு உண்டு, இன்சுலினும் ஐஜிஎஃப்-1 என்ற அதன் உறவுக்காரப் புரதமும் வெளியே நின்று உத்தரவு தருகின்றன என்றால், அது ‘கட்டு’ என்று ஒப்பமிடும். சக்தி குறைந்தால் ஏஎம்பிகே என்ற இன்னொரு நொதி எழுந்து அதன் கையைப் பிடித்துவிடும். இது உடல் முழுக்க நடப்பது.

குடலுக்கென்றே தனியாக இருக்கும் வழி ஜிஎல்பி-2. கடைக்குடலிலும் பெருங்குடலிலும் உள்ள எல் செல்கள் உணவின் வரவை உணர்ந்து இந்த ஹார்மோனை விடுகின்றன. இன்று சர்க்கரைக்கும் எடைக்கும் ஊசியாகப் பேசப்படும் ஜிஎல்பி-1-இன் உடன்பிறப்பு இது. இரண்டும் ஒரே மூலப் புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை. ஜிஎல்பி-2 குடலை வளர்க்கும் ஹார்மோன் என்பதை 1996-இல் டொராண்டோவில் டேனியல் டிரக்கரின் குழு காட்டியது. 2012-இல் அதன் மாற்றுருவான டெடுகுளூடைடு, குடலின் பெரும்பகுதியை அறுத்தெடுக்க நேர்ந்தவர்களுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜிஎல்பி-2-க்கான ஏற்பி, அதாவது அதன் செய்தியை வாங்கும் புரதம், குருத்து செல்லில் இல்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். சுவருக்கு அடியில் இருக்கும் தாங்கு செல்களும் நரம்பு செல்களும் அந்தச் செய்தியை வாங்கி, ஐஜிஎஃப்-1, ஈஜிஎஃப் குடும்பப் புரதங்கள் என்று மொழிமாற்றிக் குருத்து செல்லுக்குச் சொல்கின்றன. கொத்தனாருக்கு முதலாளி நேராக உத்தரவு போடுவதில்லை, மேஸ்திரி வழியாகத்தான் போகும்.

இன்சுலின் போனால் குடல் ஏன் வளர்கிறது?

இன்சுலின் வளர்ச்சிக்கான ஹார்மோன். அது இல்லாவிட்டால் தசை கரைகிறது, கொழுப்பு கரைகிறது, ஆள் எலும்பும் தோலுமாகிறார். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகளின் படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அப்படியானால் குடலும் சுருங்கித்தானே ஆக வேண்டும்?

ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்து எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைக் கொன்றுவிடும். 1963-லிருந்து ஆய்வுக்கூடங்களில் சர்க்கரை நோயை உண்டாக்க இதுதான் வழக்கமான முறை. அந்த எலிகளை அறுத்துப் பார்த்தபோது நேரெதிரான காட்சி. உடல் எடை குறைந்திருக்க, சிறுகுடலோ கனத்திருந்தது, நீண்டிருந்தது. உறிஞ்சிகள் உயர்ந்திருந்தன, குழிகளில் செல் பிளவு கூடியிருந்தது. இளைத்த வீட்டில் அடுப்படி மட்டும் பெரிதாகிக்கொண்டே போவதுபோல.

காரணத்தின் பெரும்பங்கு பசி. இன்சுலின் இல்லாத எலிக்கு, சாப்பிட்டது உடலில் சேராமல் சிறுநீரில் போகிறது. அதனால் அது ஓயாமல் தின்கிறது. தின்னத் தின்னக் குடலுக்கு ‘வளர்’ என்ற செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. தீனியைக் குறைத்தால் வளர்ச்சியும் பெருமளவு அடங்கிவிடுகிறது. இடையில் நிற்கும் தரகர் ஜிஎல்பி-2. இந்த எலிகளின் குடலிலும் இரத்தத்திலும் அதன் அளவு கூடியிருப்பதும், இன்சுலின் ஊசி போட்டால் குடல் வளர்ச்சியோடு அதுவும் இறங்கிவிடுவதும் 1990களிலேயே காணப்பட்டன. அதாவது உடலின் மற்ற பகுதிகளில் ‘பட்டினி’ என்ற அறிவிப்பு ஒலிக்கும்போது, குடலில் மட்டும் ‘விருந்து’ என்ற அறிவிப்பு ஒலிக்கிறது. இரண்டுமே பொய்யில்லை. ஒவ்வொரு உறுப்பும் தான் இருக்கும் இடத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறது.

விளைவு என்ன? சுவர் பெரிதானால் கதவுகளும் பெருகும். குளுக்கோஸ் குடல் செல்லுக்குள் நுழைவது எஸ்ஜிஎல்டி-1 என்ற வாயிலில், சோடியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு. ராபர்ட் கிரேன் 1960-இல் பிராகில் இதை முன்வைத்தார். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடிக்கச் சொல்வது இந்த வாயிலை நம்பித்தான். உள்ளே வந்த குளுக்கோஸ், செல்லின் மறுபக்கத்தில் குளூட்-2 என்ற வாயில் வழியாக இரத்தத்துக்குப் போகிறது. சர்க்கரை நோய் கண்ட எலிகளில் இந்த இரண்டு வாயில்களும் பெருகுகின்றன. இரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை வழியும் நிலையில், குடல் இன்னும் வேகமாக உறிஞ்சிக் கொட்டுகிறது.

எலியில் நடப்பதெல்லாம் மனிதனில் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஸ்ட்ரெப்டோசோடோசின் எலி இன்சுலினே இல்லாத எலி. நம் ஊரில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அதில் தொடக்க ஆண்டுகளில் இன்சுலின் மிகுதியாகவே சுரக்கும், உடல்தான் அதன் சொல்லைக் கேட்பதில்லை. ஆனால் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டாம் வகை நோயாளிகளின் முன்சிறுகுடலிலிருந்து துளித் திசு எடுத்துப் பார்த்தபோது, குளுக்கோஸ் வாயில்கள் நோயில்லாதவர்களைவிடப் பல மடங்கு கூடியிருந்தன. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை துள்ளி ஏறுவதில் கல்லீரலுக்கும் தசைக்கும் இருக்கும் பங்கு பெரிதுதான். குடல் வாசலுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை அந்தத் துளித் திசு சொல்லிவிட்டது.

டிசிஎஃப் என்று முன்னே சொன்னேன் அல்லவா? 2006-இல் ஐஸ்லாந்து மக்களின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், இரண்டாம் வகை சர்க்கரை நோயோடு வலுவாகத் தொடர்புள்ள ஒரு மரபணுவைக் கண்டார்கள். பெயர் டிசிஎஃப்-7-எல்-2. விண்ட் சமிக்ஞையின் கடைசிக் கண்ணியான அதே குடும்பம். அதற்கு எட்டு ஆண்டு முன்பே கிளெவர்ஸின் கூடத்தில் சுண்டெலியிலிருந்து அந்த மரபணுவை நீக்கியபோது, சிறுகுடலில் பிளக்கும் செல்களே இல்லாமல் போய்க் குட்டிகள் பிறந்த சிறிது நேரத்திலேயே இறந்தன. குடல் சுவரைக் கட்டும் கை ஒன்றும், சர்க்கரை நோய்க்கு ஆளைத் தள்ளும் கை ஒன்றும் ஒரே ஆளுடையவை. 2007-இல் சென்னை ஆய்வாளர்கள் நம்மவர்களிடமும் இந்த மரபணு வேறுபாட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். மனிதரில் இது தீங்கு செய்வது முக்கியமாகக் கணையத்தின் வழியாக, குறைந்த இன்சுலின் சுரப்பாக, என்றுதான் சான்றுகள் சொல்கின்றன. அதனால் ‘குடல் மரபணுதான் சர்க்கரைக்குக் காரணம்’ என்று யாரும் தாவிவிடக் கூடாது. ஒரே எழுத்தை உடல் எத்தனை இடத்தில் எழுதிப் பார்க்கிறது என்பதற்காகவே சொன்னேன்.

நெடுநாள் நோயில் நடப்பது வேறு

இதுவரை சொன்னது குடல் மிகையாக வளரும் கதை. ஆயாவின் கதை அதுவல்ல. நெடுநாள் நோயாளிகளின் குடலில் தேய்மானமும் உண்டு.

2015-இல் இத்தாலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதைத் திறந்து காட்டியது. பல ஆண்டுகளாக, இன்சுலின் சுரப்பு அற்றுப்போகும் முதல் வகை நோயோடு இருந்து, குடல் தொல்லையும் சேர்ந்துகொண்டவர்களின் பெருங்குடலில் குருத்து செல்கள் குறைந்திருந்தன. குழிகளின் அமைப்பே குலைந்திருந்தது. இரத்தத்தில் ஐஜிஎஃப்-1 தாழ்ந்திருந்தது. அதைக் கட்டிப்பிடித்து வைத்துக்கொள்ளும் ஐஜிஎஃப்பிபி-3 என்ற புரதம் உயர்ந்திருந்தது. அது வளர்ச்சிப் பொருளைப் பதுக்கியதோடு நிற்கவில்லை. குருத்து செல்லின் மேலுள்ள டிமெம்-219 என்ற ஏற்பியில் தானே போய் ஒட்டி, ‘செத்துப்போ’ என்ற கட்டளையையும் தருகிறது. கணையமும் சிறுநீரகமும் சேர்த்து மாற்றப்பட்டு, சர்க்கரை இயல்புக்குத் திரும்பியவர்களில் குடல் தொல்லையும் தணிந்தது. கெட்டது மீளக்கூடியது என்பதற்கு அது சான்று.

எலியில் சிறுகுடல் பெருக்கிறது, மனிதனில் பெருங்குடலின் குருத்து வாடுகிறது என்றால், எது உண்மை? இரண்டும். குடலின் பகுதி வேறு, நோயின் வகை வேறு, நோயோடு கழிந்த காலம் வேறு. ‘சர்க்கரை நோய் குடலை வளர்க்கிறது’ என்றோ ‘தேய்க்கிறது’ என்றோ ஒற்றை வரியில் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. கட்டளைகளின் சமநிலை குலைகிறது என்பது வரைதான் நிச்சயம்.

கட்டுவதில் பிசகு வந்தால் சுவரில் ஒழுக்கும் வரும். குடல் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கித் தைக்கப்பட்டவை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இரத்தத்தில் சர்க்கரை உயர்ந்த சுண்டெலிகளில் இந்தத் தையல் தளர்ந்து, நுண்ணுயிர்களின் துணுக்குகள் உடலுக்குள் கசிந்தன. சர்க்கரை குடல் செல்லைத் தாக்கியது உணவின் பக்கமிருந்து அல்ல, இரத்தத்தின் பக்கமிருந்து, குளூட்-2 வழியாக. குடல் செல்லிலிருந்து அந்த ஒரு வாயிலை நீக்கியபோது சர்க்கரை உயர்ந்திருந்தும் சுவர் காப்பாற்றப்பட்டது. மனிதரிலும், மூன்று மாதச் சர்க்கரை அளவு கூடக் கூட நுண்ணுயிர்த் துணுக்குகள் இரத்தத்தில் கூடியிருந்தன.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. விரல் நுனியில் குத்திச் சொட்டு இரத்தம் விடும் அந்தச் சின்னப் பட்டை ஒரு மின்வேதியியல் கருவி. நொதி ஒன்று குளுக்கோஸைச் சிதைக்க, அதில் கிளம்பும் மின்னோட்டத்தைத்தான் எண்ணாக்கிக் காட்டுகிறது. அந்தத் துறைக்கென்றே நாட்டின் மைய ஆய்வு நிறுவனத்துக்கு 1948-இல் கால்கோள் இட்டது காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில். இன்று ஊரில் எத்தனையோ வீடுகளில் ஆச்சிமார் அந்தக் கருவியை மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அது சொல்வது இரத்தத்தின் அந்த நிமிடச் செய்தி மட்டும். குடல் சுவரின் செய்தி சொல்ல வீட்டில் இருப்பது நம் வாய்தான்.

பணியாரம், மாத்திரை, மலம்

உணவு முறையைப் பற்றி நீளமாக அறிவுரை சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. நாம் தின்னும் சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். 2021-இல் வெளியான ஆய்வில் பிரக்டோஸ் மிகுந்த பாகு கொடுத்த சுண்டெலிகளின் குடலுறிஞ்சிகள் 25 முதல் 40 சதவீதம் வரை நீண்டன. குழியில் பிறப்பு கூடியதால் அல்ல, உச்சியில் இறப்பு தள்ளிப்போனதால். ஆக்சிஜன் குறைந்த உச்சியில் செல்கள் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்கப் பிரக்டோஸ் உதவியது. உறிஞ்சி நீண்டால் உணவிலிருந்து கொழுப்பும் கூடுதலாக உள்ளே போகும். வெல்லப்பாகு, சீனிப்பாகு, கருப்பட்டிப்பாகு மூன்றும் இந்த விஷயத்தில் நெருங்கிய உறவினர்கள். கந்தரப்பத்தில் வெல்லம்தானே, கும்மாயத்தில் கருப்பட்டிதானே என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதலில் சத்து குறைவு. கவுனி அரிசியும் அப்படித்தான். தவிட்டோடு இருக்கும் நல்ல அரிசி. அதைச் சீனியும் நெய்யும் தேங்காயும் போட்டுக் கிண்டி வைத்துவிட்டு, மருந்து என்று பெயர் சூட்டுவது எனக்கு ஒப்பவில்லை. கல்யாண வீட்டில் ஒரு கரண்டி சாப்பிடலாம், அதன் சுவைக்காக.

மெட்ஃபார்மின் மாத்திரைக்கு வருகிறேன். இரண்டாம் வகை நோயில் முதலில் எழுதப்படுவது இதுதான். கல்லீரலில் வேலை செய்யும் மருந்து என்று படித்தோம். ஆனால் நடுச்சிறுகுடலின் சுவரில் இது சேர்வது இரத்தத்தில் இருப்பதைவிட 30 மடங்கிலிருந்து 300 மடங்கு வரை. அங்கே ஏஎம்பிகே என்ற அந்தத் தடுப்புக் கையைத் தூண்டுகிறது, ஜிஎல்பி-1 சுரப்பைக் கூட்டுகிறது. மருந்தின் நன்மையில் ஒரு பங்கு குடலிலேயே நடக்கிறது. நன்மை நடக்கும் இடத்திலேயே தொல்லையும். ஐந்து பேரில் ஒருவருக்காவது வயிற்றுப்போக்கோ, குமட்டலோ, உப்புசமோ வருகிறது. மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் பலருக்கு இது குறையும். பலர் அதைக் கேட்காமலேயே, சொல்லாமலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு சர்க்கரை ஏறுகிறது, ஏறிய சர்க்கரை குடல் சுவரைத் தளர்த்துகிறது.

இரவு வயிற்றுப்போக்குக்கு மாத்திரை மட்டும் காரணமாக இருக்காது. நெடுநாள் சர்க்கரையில் குடலை அசைக்கும் நரம்புகள் பழுதாகும். அசைவு மந்தமான குடலில் நுண்ணுயிர்கள் அளவுக்கு மீறிப் பெருகும். எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டுமானால் முதலில் அவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். 2005-இல் 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 30 சதவீதம் அளவுக்குக் கூடுதல் என்று தெரிந்தது. மிகையாகச் சுரக்கும் இன்சுலின் ‘வளர்’ என்ற கட்டளையை விடாமல் ஒலிப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இதில் பதற ஒன்றுமில்லை. நம் நாட்டில் பெருங்குடல் புற்றுநோய் மேலைநாடுகளைவிடக் குறைவு, குறைந்த ஒன்றில் 30 சதவீதம் கூடினாலும் அது குறைவுதான். ஆனால் 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வுப்படி சர்க்கரை நோயோடு வாழ்கிறவர்கள் நாட்டில் 10 கோடிப் பேர். இத்தனை பேர் என்னும்போது சிறிய கூடுதலும் சிறியதாக இராது. மலத்தில் இரத்தம், காரணமில்லாத சோகை, மலம் கழிக்கும் வழக்கத்தில் திடீர் மாற்றம் இவற்றை மூலம் என்றும் சூடு என்றும் ஒதுக்கிவிடக் கூடாது.

சென்ற மாதம் ஆயாவோடு நானே போனேன். மருத்துவர் எழுதிக்கொண்டிருக்கும்போது நான்தான் இரவு விஷயத்தைச் சொன்னேன். ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு அவரிடமே கேட்டார், எத்தனை நாளாக, எத்தனை தடவை, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, இரத்தம் உண்டா என்று. மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, இரவு வேளையை மாலைச் சாப்பாட்டோடு சேர்க்கச் சொன்னார். மலப் பரிசோதனையும் பி-12 அளவும் எழுதினார். அந்த மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்குப் பி-12 குறையலாம். மூன்று வாரத்தில் இரவு நடை ஒரு தடவையாகக் குறைந்திருக்கிறது. சில இரவுகளில் அதுவும் இல்லை.

திரும்பி வரும்போது காரில், ஐந்து நாளுக்கு ஒரு முறை குடல் புதிதாவதை ஆயாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்படின்னா தீபாவளிக்கு நான் தின்ன பலகாரத்தைப் பார்த்த செல்லு ஒண்ணுகூட இப்ப இல்ல?"

"இல்ல ஆயா. ஆனா அதுகளைப் பெத்த செல்லு அடியில இருக்கு. அது அங்கேயேதான் இருக்கும்."

"அதுக்கு எல்லாம் தெரியுமா?"

அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். ஆயா கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.